தோட்டாவில் தோய்ந்த கொழுப்பு

'துப்பாக்கி' என்னும் சொல் துருக்கி மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது என்பர் சொல்லாய்வாளர். துப்பாக்கி மருந்தின் மூலப்பொருளான வெடியுப்பை 13ஆம் நூற்றாண்டு அறிஞர் இப்னுல் பைத்தார் 'சீனப் பனி' எனக் குறித்தார். அதனைத் தூய்மைப்படுத்தும் முறையை, அதே நூற்றாண்டினரான ஹஸன் அர்ரம்மாஹ் எழுதிவைத்தார். படைக்கல வரலாறு நமக்குப் புறம்பானதன்று. அவ்வரலாற்றில் மார்க்கக் கல்வி கற்றோர் ஊன்றி நோக்க வேண்டியது 1857ஆம் ஆண்டின் என்ஃபீல்டு தோட்டாவாகும்.

1853ஆம் ஆண்டு மாதிரியான என்ஃபீல்டு துப்பாக்கியைப் பழம்படைக்கலம் சேகரிப்போர் இன்றும் பெரிதும் விரும்புகின்றனர். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அக்கால முறைப்படியே காகிதத் தோட்டா செய்து, அதனைச் சுட்டும் பார்க்கின்றனர். நம் நாட்டிலோ, பழந்துப்பாக்கிகளுள் செப்பனிட்டாலும் சுட இயலாதவற்றுக்கே 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் விலக்களிக்கிறது.

அத்தோட்டா ஒரு காகிதச் சுருள். ஒரு முனையில் அளந்த மருந்தும் மறுமுனையில் ஈயக்குண்டும் இருக்கும். வீரன் மருந்து முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டுவான். பின்பு தோட்டாவைத் திருப்பிக் குண்டுள்ள முனையை நுழைத்து, எஞ்சிய தாளைக் கிழித்தெறிந்து, குண்டைக் கம்பியால் இடித்து இறக்குவான். 0.577 அங்குல விட்டமுள்ள அக்குழலின் உட்புறம் மூன்று திருகுவரிப் பள்ளங்கள் உண்டு. சுடுந்தோறும் அவற்றில் கரி படிவதால் அடுத்த குண்டு எளிதில் இறங்காது. அதன்பொருட்டே குண்டைச் சுற்றிய தாளைக் கொழுப்பும் மெழுகும் கலந்த கலவையில் தோய்த்தனர். பல் படுவது மருந்து முனையே எனினும், கொழுப்பு தாளில் ஊறும், கையிலும் ஒட்டும்.

பசுக்கொழுப்பு இந்துக்களையும் பன்றிக்கொழுப்பு முஸ்லிம்களையும் புண்படுத்தியது என்றே பாடநூல்கள் கூறுகின்றன. ஃபிக்ஹ் நோக்கில் இக்கூற்று முழுமையானதன்று. முறைப்படி அறுக்கப்படாத பிராணி தானாகச் செத்ததற்கு ஒப்பானது. அதன் கொழுப்பு, ஆட்டினுடையதாயினும் மாட்டினுடையதாயினும், முஸ்லிமின் வாய்க்கு ஆகாது. ஆகவே, பன்றிக்கொழுப்பு இல்லை என்று மறுப்பது மட்டும் போதுமான விடையாகாது. ஆட்சேபத்துக்குரிய கொழுப்பை விலக்கத் தனி ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை என்பது அரசின் விசாரணையிலேயே வெளிப்பட்டது. ஐயத்துக்குரியதை விலக்குவது பேணுதல் எனக் கற்ற சமுதாயம் அத்தோட்டாவை எங்ஙனம் கடிக்கும்?

சிப்பாய்கள் தாமே மெழுகும் எண்ணெயும் பூசிக்கொள்ளலாம் என்றும், கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்றும் அரசு பின்னர் இணங்கியது. எனினும் அதற்குள் நம்பிக்கை அற்றுவிட்டது. 1857 ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 3ஆம் இலகு குதிரைப்படையினர் 90 பேருள் 85 பேர் தோட்டாவை ஏற்க மறுத்தனர். அன்று அளிக்கப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே! மே 9 அன்று அவர்கள் விலங்கிடப்பட்டுச் சிறை சென்றனர். மறுநாள் கிளர்ச்சி மூண்டது.

மருந்துக் குளிகையின் ஜெலட்டின் எப்பிராணியிலிருந்து வந்தது என்று இன்று நாம் வினவினால், சிலர் நகைக்கின்றனர். அன்று மீரட்டில் நின்றவர்கள் வினவியதும் இதனையே. வாய்க்குள் செல்வது எதனால் ஆனது என்று அறிவது மனிதனின் உரிமை. அதனை மறைக்காமல் சொல்வது ஆள்வோரின் கடமை.