நடந்தே வைத்தியம் பார்க்கும் குதிரைகள்... தெரியுமா?

மெதுவாக நடப்பதற்காகவே வேலைக்கு எடுக்கப்படும் குதிரைகள் உலகத்தில் உண்டு, தெரியுமா? பந்தயத்தில் ஓடுகிற ஜோலி கிடையாது, படையில் சேர வேண்டாம், சினிமாவில் கதாநாயகனைத் தூக்கிக்கொண்டு பாறைமேல் பாய வேண்டாம். பெருமூளை வாதத்தால் கைகால் இறுகிப்போன குழந்தை, ஆட்டிசம் உள்ள சிறுவன், பக்கவாதத்தில் விழுந்து எழுந்த பெரியவர், பார்வையில்லாத பெண் என்று யாராவது ஒருவரை முதுகில் ஏற்றிக்கொண்டு, மணல் பரப்பிய களத்தைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம்! ஆனால் அந்த 'அவ்வளவுதான்' இருக்கிறதே, அதற்குள்தான் அத்தனை அதிசயமும் ஒளிந்திருக்கிறது.

குதிரைச் சவாரி சிகிச்சைக்கென்றே பிரிட்டனில் ஆர்.டி.ஏ. என்ற சங்கம் தொடங்கியது 1969-ல். அதே 1969-ல் அமெரிக்காவிலும் ஒரு சங்கம் பிறந்தது. இன்று அதன் பெயர் பாத் இன்டர்நேஷனல். பிரிட்டன் சங்கத்துக்கு 1985-ல் தலைவரானவர் யார் தெரியுமா? இளவரசி ஆன்! அரச குடும்பத்துக்குக் கொடுத்த அலங்காரப் பதவி என்று நினைத்துவிடாதீர்கள். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காகக் குதிரையேறியவர் அவர்.

சரி, குதிரை நடந்தால் மனிதனுக்கு எப்படி வைத்தியம் ஆகும்?

குதிரை நடக்கும்போது அதன் முதுகு மூன்று விதமாக அசைகிறது: முன்னும் பின்னும், இடமும் வலமும், கூடவே லேசான ஒரு திருகல். நாம் நடக்கும்போது நம் இடுப்பு அசைவதும் கிட்டத்தட்ட அச்சு அசலாக இப்படித்தான்! காலை ஊன்றி ஓரடிகூட வைத்திராத பிள்ளையைக் குதிரைமேல் உட்கார வையுங்கள். கால் நடக்காவிட்டாலும் இடுப்பு 'நடக்க' ஆரம்பித்துவிடும். நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு அசைவு. ஒவ்வொரு அசைவுக்கும் சரிந்துவிடாமல் இருக்க வயிறும் முதுகும் தாமாகவே நிமிர்ந்து இழுத்துக்கொள்ள வேண்டும். அரை மணி நேரச் சவாரியில் கணக்குப் போட்டால் ஆயிரக்கணக்கான தடவை! ஒரு பயிற்சியை இத்தனை தடவை செய் என்று சொன்னால் எந்தக் குழந்தை கேட்கும்? குதிரைமேல் உட்கார்ந்த குழந்தை, இன்னும் ஒரு சுற்று என்று அடம்பிடிக்கும்.

இதில் இன்னொரு விஷயம். டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பதுபோல, பிசியோதெரபிஸ்ட் இங்கே நடையைக் கூட்டிக் குறைக்கிறார்! எட்டி எட்டி அடி வைக்கும் குதிரை என்றால் அசைவு பெரிது. குறுநடை போடும் மட்டக்குதிரை என்றால் அசைவு சின்னது, வேகம் அதிகம். வட்டமாகத் திருப்பினால் பக்கவாட்டுத் தசைக்கு வேலை. சட்டென்று நிறுத்தினால் முதுகுக்கு வேலை. சில சமயம் குழந்தையை வாலைப் பார்த்து உட்கார வைத்தும் நடத்துவார்கள்! தொடை இறுகி இடுப்பு விரியாத பிள்ளைக்கு முதலில் ஒடுங்கிய முதுகுள்ள குதிரை. தசை தளரத் தளர அகன்ற முதுகு. குதிரையின் உடல் சூடு சுமார் 38 டிகிரி செல்சியஸ், நம்மைவிட ஒரு படி அதிகம். அதனால்தான் பல மையங்களில் சேணத்தை எடுத்துவிட்டு மெல்லிய மெத்தை ஒன்றை மட்டும் விரிக்கிறார்கள். அந்த வெதுவெதுப்பு நேராகத் தொடைக்குப் போய்ச் சேர்கிறது.

குதிரை ஏறினால் சகல நோயும் பறந்துவிடும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். உட்காரும் நிலை, உடம்பின் சமநிலை இவற்றில் கிடைக்கும் பலன் ஒன்று. நோயே தீர்ந்துவிடும் என்பது முற்றிலும் வேறு.

இப்போது ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். லிஸ் ஹார்டெல். டென்மார்க்காரர். 1944-ல் அவருக்கு 23 வயது, வயிற்றில் குழந்தை. அந்த நேரத்தில் போலியோ தாக்கியது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் தாயின் முழங்காலுக்குக் கீழே உயிரில்லை. ஊன்றுகோலோடு நடந்தாலே பெரிது என்றார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? குதிரையில் ஏறினார்! ஏறினார் என்றால், பிறர் தூக்கி ஏற்றிவிட ஏறினார். குதிரையை ஓட்டுகிறவர் தன் காலால் அதன் விலாவை அழுத்தித்தான் பேச வேண்டும். பேசுவதற்குக் கால் இல்லை. அதனால் ஜூபிலி என்ற அந்தப் பெண் குதிரை, முதுகின் சாய்வையும் உடம்பின் எடை மாறுவதையும் வைத்தே எஜமானியைப் புரிந்துகொண்டது.

அப்போது ஒலிம்பிக் நிலவரம் எப்படி இருந்தது என்கிறீர்கள்? டிரஸ்ஸாஜ் எனப்படும் நடைப் போட்டியில் ராணுவ அதிகாரிகள் மட்டுமே கலந்துகொள்ளலாம்! 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஸ்வீடன் அணியில் ஒருவர் உண்மையில் அதிகாரி இல்லை, சார்ஜென்ட்தான், போட்டிக்காகத் தற்காலிகமாகப் பதவி உயர்த்தப்பட்டவர் என்று தெரியவந்ததும், அடுத்த ஆண்டு தங்கத்தையே பறித்துவிட்டார்கள். குதிரை ஒழுங்காக நடந்ததா என்பதைவிடச் சட்டையில் எத்தனை நட்சத்திரம் என்பது பெரிதாக இருந்த காலம்! இந்தக் கூத்துக்குப் பிறகுதான் விதி தளர்ந்தது. 1952 ஹெல்சிங்கியில் முதல்முறையாகப் பெண்களும் ஆண்களோடு சரிசமமாக இறங்கினார்கள். லிஸ் ஹார்டெலும் ஜூபிலியும் வென்றது வெள்ளி! தங்கம் வென்ற ஸ்வீடன் அதிகாரி ஹென்றி செயின்ட் சிர், அவரைத் தாங்கிப் பிடித்து மேடையேற்றினார். நான்கு ஆண்டு கழித்து இதே ஜோடிக்கு மீண்டும் வெள்ளி. அந்த 1956 ஒலிம்பிக் நடந்தது மெல்போர்னில். குதிரைப் போட்டி மட்டும் ஸ்டாக்ஹோமில்! வெளிநாட்டுக் குதிரைகளை உள்ளே விட ஆஸ்திரேலியாவின் நோய்த்தடுப்புச் சட்டம் சம்மதிக்கவில்லை. முடங்கிய காலோடு ஒருத்தி ஒலிம்பிக் மேடை ஏறியதைப் பார்த்த பிறகுதான், ஐரோப்பாவில் சவாரி சிகிச்சை மையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைக்கத் தொடங்கின.

சரி, இந்த வேலைக்கு எந்த ஜாதிக் குதிரை? மினுமினுக்கும் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவை நேர்காணலிலேயே தோற்றுவிடும்! குதிரை என்பது வேட்டையாடப்படும் பிராணி. சரக்கென்று சத்தம் கேட்டால் முதலில் ஓட்டம், அப்புறம்தான் யோசனை. அதனால் இந்தக் குதிரைகளுக்குப் பரீட்சை வைக்கிறார்கள். பக்கத்தில் பந்தை உருட்டுவார்கள், குடையை விரிப்பார்கள், சக்கர நாற்காலியைக் கிறீச்சிட வைப்பார்கள், வீறிட்டுக் கத்துவார்கள். எல்லாவற்றையும்விடக் கடினமான பாடம் ஒன்று உண்டு: அசையாமல் நிற்பது! சாய்தளத்திலிருந்தோ தூக்கு எந்திரத்திலிருந்தோ ஒருவரை இறக்கி முதுகில் உட்கார வைக்க நிமிடக்கணக்கில் ஆகலாம். குதிரையின் கண்ணுக்கு ஏறக்குறைய 350 டிகிரி பார்வை, அதாவது பக்கவாட்டில் நடப்பதெல்லாம் அதற்குத் தெரியும். தலைக்குமேல் ஏதோ தொங்குகிறது, இரண்டு பக்கமும் ஆட்கள், ஓடு ஓடு என்று ரத்தம் சொல்கிறது. அது நிற்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய சாகசம் தெரியவில்லை.

ஹாஃப்லிங்கர் என்று ஒரு குதிரை. இத்தாலியின் தென் டிரோல் மலைப்பகுதியைச் சேர்ந்தது, பொன்னிறப் பிடரி, குணம் தங்கம். சிகிச்சை மையங்களின் செல்லப்பிள்ளை. 2003-ல் உலகின் முதல் குளோனிங் குதிரை பிறந்ததே, பிரோமெட்டியா, அதுவும் ஹாஃப்லிங்கர்தான்! எந்தக் குதிரையின் தோல் செல்லிலிருந்து உருவாக்கினார்களோ, அதே குதிரைதான் அதைச் சுமந்து பெற்றது. ஆக, தாய் பெற்றெடுத்தது தன் இரட்டைப் பிறவியை! நார்வேயின் ஃபியோர்ட் குதிரைக்குப் பிடரி நடுவே கறுப்பு, இரண்டு ஓரமும் வெளுப்பு. கறுப்புக் கோடு எடுப்பாகத் தெரியும்படி அதைக் குச்சியாக நிற்க வெட்டிவிடுவார்கள்.

வயதும் தடையில்லை. பதினெட்டு, இருபது வயதுக் கிழங்களுக்கு இங்கே நல்ல மரியாதை. உலகம் பார்த்தவை, சும்மா மிரளாது. சராசரியாகக் குதிரை 25, 30 ஆண்டு வாழும். இங்கிலாந்தில் கால்வாய்ப் படகு இழுத்த ஓல்ட் பில்லி 1760-ல் பிறந்து 1822 வரை, 62 ஆண்டு வாழ்ந்தது என்பது தனிக் கதை!

உங்கள் முகத்தைக் குதிரை படிக்கும், தெரியுமா? பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல், கோபமான மனித முகத்தின் படத்தைக் குதிரைகளுக்குக் காட்டினார்கள். இதயத் துடிப்பு சட்டென்று ஏறியது; படத்தை இடது கண்ணால் பார்த்தன. அச்சமூட்டும் விஷயங்களைப் பல விலங்குகள் இடது கண்ணால்தான் கவனிக்கும். 2018-ல் இன்னும் ஒரு படி மேலே! காலையில் கோபப் படத்தில் பார்த்த அதே ஆள் சில மணி நேரம் கழித்துச் சாதாரண முகத்தோடு நேரில் வந்து நின்றபோதும், குதிரை அவரை இடது கண்ணாலேயே பார்த்தது. படத்தில் பார்த்த சிடுசிடுப்பை மறக்கவில்லை! வீட்டில் சண்டை போட்டுவிட்டு லாயத்துக்குள் போகிறவர்கள் கவனிக்க.

நார்வேயில் 2016-ல் வெளியான ஆய்வு அதைவிட ஜோர். போர்வை வேண்டும், வேண்டாம், இருப்பதே போதும் என்று மூன்று அடையாளப் பலகைகள். 23 குதிரைகளும் இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டு, மூக்கால் தொட்டுத் தேவையைச் சொல்லின. மழையும் குளிருமான நாளில் போர்வை கேட்டன. வெயில் நாளில் கழற்று என்றன!

வேலை நேரத்துக்கும் சட்டம் உண்டு. பாத் இன்டர்நேஷனல் விதிப்படி ஒரு குதிரை தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்குமேல் வேலை செய்யக் கூடாது. ஒரு நாளைக்கு மொத்தம் ஆறு மணி நேரம்தான். ஏறுகிறவரின் எடையும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பொதுவான வழக்கம். நம் ஊர் அலுவலகங்கள் சிலவற்றுக்கு இந்த விதிப்புத்தகத்தை அனுப்பி வைக்கலாம்.

தமிழையும் ஆட்சிமொழியாகக் கொண்ட சிங்கப்பூரிலும் குதிரைச் சவாரி சிகிச்சைக்கு இப்படி ஒரு சங்கம் 1982 முதலே இருக்கிறது. அந்த நாட்டுக்கு முதல் பாராலிம்பிக் பதக்கம் எதில் வந்தது, சொல்லுங்கள்? குதிரைச் சவாரியில்! லாரன்ஷியா டான், பெருமூளை வாதம், காதும் கேட்காது. ஐந்து வயதில் பிசியோதெரபிக்காகப் பிரிட்டனில் குதிரையேறியவர். பெய்ஜிங் 2008-ன் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தபோது, இரவல் வாங்கிய குதிரையில் இரண்டு வெண்கலம். அதில் ஒன்று கிடைத்தது எதற்கு தெரியுமா? இசைக்கு ஏற்பக் குதிரையை நடத்தும் பிரிவில்! அந்தக் குதிரையின் பெயர் 'நத்திங் டு லூஸ்'. பார்வையற்ற வீரர்கள் இறங்கும்போது வேறொரு ஏற்பாடு: களத்தின் ஓரத்தில் இடம் காட்ட வைத்திருக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் ஆள் நின்று, தன் எழுத்தைக் குரல் கொடுத்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். குரலைப் பிடித்துக்கொண்டு குதிரை திரும்பும்!

முதுகில் யாரையும் ஏற்றாமலே சேவை செய்யும் குட்டிக் குதிரைகளும் உண்டு. ஆள் இடுப்பளவுகூட வராத மினியேச்சர் குதிரைகள் அமெரிக்காவில் மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் போய் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருகின்றன. பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டவும் சில பழக்கப்பட்டிருக்கின்றன. 2011-ல் அமலுக்கு வந்த அமெரிக்க விதிகளின்படி, மாற்றுத்திறனாளியோடு வரும் பயிற்சி பெற்ற மினியேச்சர் குதிரையைக் கடையோ ஓட்டலோ முடிந்தவரை உள்ளே அனுமதிக்க வேண்டும். அனுமதிக்கலாமா என்று முடிவெடுக்க அரசு வைத்திருக்கும் கேள்விகள் நான்கே. அதில் ஒன்று: கண்ட இடத்தில் சாணம் போடாமலிருக்க இந்தக் குதிரை பழகியிருக்கிறதா?