சுவருக்கு இப்பால்

குவைத் நகரின் தென்மேற்கே, விமான நிலையத்துக்கு அணித்தாக அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கும் ஃபர்வானியாவிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆயினும் அங்கே ஓர் அறையில் அறுவர், எண்மர் என வாழும் எம்மவரிற் பலர் கடற்கரையிற் பிறந்தவர்கள். ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, மருதமுனை, அப்பால் குமரி மாவட்டத்துக் கரையூர்கள், கேரளக் கரை என்று அவர்களின் ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனால் அதுவே பாதி இந்து சமுத்திரத்தின் வரைபடமாகிவிடும். வெள்ளிக்கிழமைகளில், சமைத்து உண்டு ஓய்ந்த வேளையில், இவர்களின் பேச்சு பெரும்பாலும் ஒன்றையே சுற்றிவரும்: ஊரிலே கட்டும் வீடு.

அப்படியான ஒரு பிற்பகலில் நிந்தவூர் அன்பர் ஒருவர் தமது கைத்தொலைபேசியை எம்மிடம் நீட்டினார். கரையோரமாகக் கருங்கற்களை அடுக்கிய நீண்ட சுவர்; அதற்கு இப்பால் சில தென்னைகள்; தென்னைகளுக்கிடையே நூல் பிடித்து வெட்டிய அத்திவாரக் கிடங்கு. பதினொரு ஆண்டுச் சம்பளம் அந்தக் கிடங்கில் இறங்கக் காத்திருக்கிறது. “கல்லுப் போட்டாப்பிறகு காணி விலையும் ஏறிட்டுது, சேர். இனிப் பயமில்லை” என்றார். அந்த ‘இனிப் பயமில்லை’ என்ற சொற்கள்தாம் எம்மை இதனை எழுதத் தூண்டின.

அந்தக் கரைக்குக் கற்கள் வந்த கதையை முதலிற் சொல்ல வேண்டும். 2008ஆம் ஆண்டு ஒலுவிலில் டென்மார்க் நாட்டின் கடனுதவியுடன் துறைமுக வேலை தொடங்கிற்று. 2013 செப்டெம்பரில் துறைமுகம் திறந்துவைக்கப்பட்டது. கடலுக்குள் நீண்ட இரு அலைதடுப்பு அணைகள் எழுந்தன. கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்க, மணல் ஆண்டு முழுவதும் இங்குமங்கும் அசைந்தாலும், கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதன் பயணம் வடக்கு நோக்கியதே. குறுக்கே அணை எழுந்ததும் மணல் தெற்கே குவிந்தது; துறைமுக வாயையும் அடைத்தது. வடக்கே பசித்த கடல் கரையைத் தின்னத் தொடங்கிற்று. தென்னந்தோப்புகள் விழுந்தன, கரைவலைக்காரர் வலை இழுக்கும் மணற்பரப்பு மறைந்தது, அரிப்பு நிந்தவூர்க் கரைக்கும் நகர்ந்தது. வாயை அடைத்த மணலை அள்ளு என்று படகுக்காரர் கேட்க, எங்கள் நிலத்துக்கு வழி சொல் என்று கரையோரத்தார் கேட்க, ஒரே ஊரவர் இரு அணியாய் நின்ற கொடுமையும் நடந்தது. இந்நிலையிற் கொட்டப்பட்டவையே அக்கற்கள். கடல் செய்த பிழைக்காக அன்று, மனிதர் கட்டிய ஒன்றின் விளைவை மறைக்கக் கட்டிய இன்னொன்று அது.

இது புதிய கதையுமன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியிற் சென்னைத் துறைமுகம் எழுந்தபோது தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரக் கரை கரைந்தது. மெரினாவிற் சுண்டல் தின்று மகிழ்வோர் தம் காலடி மணல் எங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது என்று நினைப்பதில்லை. புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் துறைமுக அணைகள் எழுந்தபின் நகரின் கடற்கரையே இல்லாமற் போய், கருங்கல் மட்டும் எஞ்சியது. நகருக்குக் கல் போட, அரிப்பு வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று ஏறி, மாநில எல்லையையும் கடந்து தமிழகத்துக் குப்பங்களுக்குள் நுழைந்தது. சுவர் முடியும் இடத்தில் அடுத்த ஊரின் துன்பம் தொடங்கும்.

இங்கே சுவரின் இயல்பைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். மணற்கரை சரிவானது. அலை ஏறி, களைத்து, மணலுக்குள் வடிந்து, எடுத்ததிற் பாதியைத் திருப்பித் தந்துவிட்டுப் போகும். செங்குத்தான கல்லில் மோதிய அலை களைப்பதில்லை. அதே வேகத்திற் திரும்பி அடிமணலைத் தோண்டுகிறது. ஆண்டுகள் செல்ல, சுவரின் முன்னுள்ள நீர் ஆழமாகிறது. ஆழமான நீரில் முன்னிலும் பெரிய அலை வரும். கற்கள் புதைந்து சரிகின்றன. மீண்டும் கல் கொட்டுகிறார்கள். ஒப்பந்தகாரருக்கு மட்டும் இது நட்டமில்லாத தொழில்.

யப்பானின் தாரோ என்னும் ஊரைப் பற்றிச் சொன்னபோது அந்த அறையில் ஒருவரும் பேசவில்லை. 1896இலும் 1933இலும் ஆழிப்பேரலையில் அழிந்த ஊர் அது. 1934இற் சுவர் கட்டத் தொடங்கினார்கள். பின்னர் நீட்டி நீட்டி, பத்து மீற்றர் உயரமும் ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீற்றர் நீளமும் கொண்ட பெருஞ்சுவராக்கினார்கள். உலகெங்கிலுமிருந்து பொறியியலாளர்கள் வந்து பார்த்துச் சென்றார்கள். சுவரை நம்பி அதன் அடிவாரத்திலேயே வீடுகள் பெருகின. 2011 மார்ச் 11ஆம் நாள் அபாய அறிவிப்பு ஒலித்தபோது, சுவர் இருக்கிறது என்று வீட்டிலேயே நின்றவர்கள் பலர். சுவர் மறைத்ததால் கடல் வருவதை அவர்கள் காணவுமில்லை. நீர் அதன் மேலால் வந்தது. அதே நாளிற் கமயிசித் துறைமுகத்தில், 63 மீற்றர் ஆழத்திலிருந்து எழுப்பி, 2009இல் நிறைவுற்ற அலைதடுப்பு அணையும் உடைந்தது.

நேர்மையாகச் சொன்னால், சுவர் காத்த ஊரும் உண்டு. ஃபுதாய் என்னும் சிற்றூரிற் பழைய ஊர்த்தலைவர் கொத்தாக்கு வாமுரா, வீண்செலவு என்ற ஏளனத்துக்கிடையிலும் 15.5 மீற்றர் உயரத்துக்கு விடாப்பிடியாய் நின்றார். 2011இல் அந்த ஊர் பிழைத்தது. புதுச்சேரியின் பழைய நகர்ப்பகுதியும் 2004இற் கற்சுவரால் தப்பியது என்றே பலர் கூறுவர். ஆதலாற் சுவரே வேண்டாம் என்று நாம் வாதிடவில்லை. எந்த அலைக்கு, எத்தனை ஆண்டுக்கு, யார் பராமரிக்க என்ற கணக்கைக் கேட்காமல் அதன் நிழலில் அத்திவாரம் வெட்டுவதே எமக்கு அச்சம் தருவது. ஒலுவில், நிந்தவூர்க் கற்கள் அன்றாட அரிப்புக்கு இட்டவை. ஆழிப்பேரலைக்கு இட்டவையல்ல.

அந்தக் கரைக்கு இதை நினைவூட்டவும் வேண்டுமா? 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் மாண்டோரும் காணாமற் போனோருமாக 35,000 வரையானோரில், அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். அடுத்த ஆண்டு அரசு வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்றது. தமிழ் பேசும் கரைக்கு மட்டும் கடல் இருமடங்கு கொடியதோ என்ற கேள்வி அப்போது நியாயமாகவே எழுந்தது. பின்னர் அவ்விதி தளர்ந்தது. மீனவன் கரையை விட்டு எங்கே போவான் என்ற நியாயம் வேறு. குவைத்தில் உழைத்த காசை, கடற்காற்று வேண்டி, அதே பட்டிக்குள் மாடியாக எழுப்புவது வேறு.

தெற்கே பெரலியவில் அன்று புகைவண்டியையே நீர் புரட்டிப் போட்டதையும், அப்பகுதியில் முருகைக்கற் பாறைகள் சுண்ணாம்புக்காக நெடுங்காலம் அகழப்பட்டிருந்ததையும் சேர்த்துப் பார்க்கலாம். பாறைத்திட்டு எஞ்சியிருந்த ஹிக்கடுவையில் நீர் அவ்வளவு தூரம் ஏறவில்லை. காசு கேளாத சுவரை உடைத்துவிட்டுக் காசுக்குக் கல் வாங்குகிறோம்.

“இங்க கடல் அமைதிதானே, சேர்” என்றார் இன்னொருவர். அரபுக் குடாக் கடலோரத்துக் கற்கரையில் மாலையில் உலாவுவோர் எல்லோரும் அப்படித்தான் எண்ணுவர். எதிர்க்கரையில், ஈரானின் பந்தர் தய்யரில், 2017 மார்ச் 19ஆம் நாள் நிலநடுக்கமேயின்றி, வளிமண்டல அழுத்தத்தின் திடீர் மாற்றத்தால் எழுந்த அலை ஊருக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டு சென்றது. குவைத்திலேயோ 2018 நவம்பரில் வெள்ளம் கடலிலிருந்து வரவில்லை, வானத்திலிருந்து வந்தது. வீதிகளும் சுரங்கப் பாதைகளும் மூழ்க, பொதுப்பணி அமைச்சர் பதவி விலகினார்.

நிந்தவூர் அன்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு தம்பியை அழைத்து, சுவரிலிருந்து கிடங்கு வரை கவடு வைத்து எண்ணச் சொன்னார். ஒலிபெருக்கியிற் கடலிரைச்சலும் செருப்பின் ஓசையும் கேட்டன.

“அறுபத்திரெண்டு கவடு, காக்கா.”

“வாப்பாட கரைவலை வாடி எவடத்த இருந்திச்சு? அதிலயிருந்து எண்ணு.”

மறுமுனையிற் சிறிது அமைதி.

“அது சுவருக்கு அங்காலயெல்லா காக்கா. கடலுக்குள்ள.”