அதே இடத்தில் நிற்கிறதா?

யாங்கூனின் தாகேதாவில் டீக்கடை மேசைக்கு வந்து சேராத சாமான் கிடையாது. போன வாரம் வந்தது பழைய கைலியில் சுற்றிய ஒரு டிவி ரெக்கார்டிங் பெட்டி. கொண்டுவந்த மாமா குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, சும்மா குடிக்க வைத்திருக்கும் வெறுந்தேயிலைத் தண்ணீர் பிளாஸ்கை ஓரமாகத் தள்ளினார்.

"தம்பி, இதுக்குள்ள மூணு வருஷத்துத் தீபாவளிப் பட்டிமன்றம் இருக்கு. நல்லா ஓடிக்கிட்டு இருக்கும், திடீர்னு நடுவர் பாப்பையா திறந்த வாயோட நின்னுடுவார்."

"ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தையிலயா, வேற வேற இடத்திலயா மாமா?"

அவர் அதைக் கவனித்ததில்லை. கவனித்திருந்தால் பாதி ரிப்பேர் அங்கேயே முடிந்திருக்கும்.

பெட்டிக்குள் இருப்பது கம்ப்யூட்டரில் இருக்கும் அதே ஜாதி ஹார்ட் டிஸ்க்தான். 1999-இல் டிவோ, ரீப்ளே டிவி என்று இரண்டு பெட்டிகள் அமெரிக்காவில் கடைக்கு வந்தன. ஓடுகிற நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு எழுந்துபோய், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம் என்பதுதான் அவற்றின் வித்தை. இந்தியாவில் டாடா ஸ்கை ப்ளஸ் 2008-இல் அதைக் கொண்டுவந்தது. இந்த வித்தைக்காகப் பெட்டி என்ன பாடுபடுகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. நாம் எதையும் பதிவு செய்யச் சொல்லாவிட்டாலும், பெட்டி தான் விழித்திருக்கும் நேரமெல்லாம் ஓடும் சானலை டிஸ்கில் எழுதி, அதன்மேலேயே மறுபடி எழுதிக்கொண்டிருக்கும். விநாடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தாலும் மணிக்கு 3.6 ஜிபி, நாளுக்கு 86 ஜிபி. மாமா வீட்டில் ராத்திரி டிவியை மட்டும் அணைப்பார்கள். பெட்டியை யாரும் தொடுவதில்லை.

"அப்ப நான் தூங்கறப்பவும் அது எழுதிக்கிட்டேதான் இருக்கா?" என்றார். ஆமாம் என்றதும் பெட்டியை ஒரு மாதிரி பாவமாகப் பார்த்தார்.

டிஸ்கின் தட்டு டீ சாஸரைவிடச் சிறியது, 95 மி.மீ. நிமிடத்துக்கு 5,400 சுற்று என்றால் அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 97 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதற்குமேல் சில நானோமீட்டர் உயரத்தில், தட்டைத் தொடாமல், எழுதும் முனை மிதக்கிறது. டீக்கடைச் சுருட்டுப் புகையின் ஒரு துகள்கூட அந்த இடைவெளியைவிடப் பெரியது. அதனால்தான் டிஸ்க் மூடியைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்பவர் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை முதலில் வாங்கி வைத்துக்கொள்வேன்.

நம்மூர்க் கதைக்கு வருவோம். தாகேதா 1959-இல் துணை நகரமாக உருவான இடம். ஊருக்குள்ளேயே எரிவாயு மின் நிலையம் இருக்கிறது. இருந்தும் மின்சாரம் முறைவைத்துத்தான் வருகிறது, வந்தால் "மீ லாபீ!" (கரண்ட் வந்தாச்சு!) என்று தெருவே கத்துகிறது. கரண்ட் போகும் நொடியில் டிஸ்க் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்யும். சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து, முனையைப் பத்திரமாக ஒதுக்கிவிடும். ஆனால் அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த செக்டர், அதாவது டிஸ்கின் ஒரு சிறு துண்டு, பாதியிலேயே நின்றுவிடலாம். பிறகு படிக்கப் போனால் கணக்கு ஒத்துவராது, டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். அத்தனை நேரமும் பாப்பையா திறந்த வாயோடு நிற்பார்.

அதற்காகத்தான் அந்தக் கேள்வி. அதே இடத்தில் நின்று, ரிமோட்டுக்கும் பெட்டி மசியாமல், உள்ளே 'டக் டக்' என்று கேட்டால் அந்த இடத்துச் செக்டர் கெட்டிருக்கிறது. அதே இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, ஆனாலும் நேரம் நகர்ந்துகொண்டே போனால், அது பதிவான அன்றைக்குப் பெய்த மழை. டிஷ்ஷுக்குச் சிக்னல் குறைந்து, பதிவே உடைந்திருக்கும். அதை யாராலும் சரிசெய்ய முடியாது. வேறு வேறு இடத்தில் நின்றால் டிஸ்கை விட்டுவிட்டுப் பவர் போர்டைப் பாருங்கள்.

இந்த மூன்றாவது வகைதான் எனக்கு அதிகம் வருகிறது. கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் முதலில் களைப்பது டிஸ்க் இல்லை, மின்தேக்கி. மேல்பக்கம் தட்டையாக இருக்க வேண்டியது லேசாக உப்பியிருக்கும். டிஸ்க்கின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும். மீட்டர் வைத்துப் பார்த்தால், டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 11-க்குக் கீழே இறங்கும். ஒரு டீ விலைகூட ஆகாத மின்தேக்கியை மாற்றினால் போதும், ஆனால் அதற்குள் புது டிஸ்க் வாங்கிப் போட்டு, அதுவும் நிற்கிறதே என்று தலையில் கைவைத்தவர்கள் நிறைய. ஒரு எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்குமேல் தங்கியிருக்கலாம். பழக்கமில்லாதவர்கள் கை வைக்க வேண்டாம்.

மாமா பெட்டியில் போர்டு நன்றாகத்தான் இருந்தது. கெட்டது டிஸ்க். இப்படிப்பட்ட டிஸ்கை "இன்னொரு தடவை ஓடுதா பாப்போம்" என்று ஓட்டிப் பார்ப்பது நோயாளியை ஓடவிட்டு நாடி பிடிப்பது போல. உடனே கழற்றி, அதே அளவோ பெரிதோ உள்ள இன்னொரு டிஸ்கில் அப்படியே நகல் எடுக்க வேண்டும். சிசிடிவிக்கென்று விற்கும் டிஸ்க் இதற்குத் தோது, நாள் முழுக்க எழுதுவதற்கென்றே செய்தது. பதிவுகளைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான பெட்டிகள் பூட்டித்தான் எழுதும், சாவி அந்தப் பெட்டியிடமே இருக்கும். நகலும் அதே பெட்டிக்குள் போனால்தான் பேசும்.

நகல் எடுக்க நான் வைத்திருப்பது டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல். நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப்போய், கடைசியில் அவற்றுக்குத் திரும்பி வரும். எங்கே எதுவரை எடுத்தோம் என்று ஒரு குறிப்பேடும் எழுதிக்கொண்டே போகும். எனக்கு அதில் பிடித்ததே அந்தக் குறிப்பேடுதான். மாமாவின் டிஸ்க் நகலாகும்போது இரண்டு தடவை கரண்ட் போயிற்று. இரண்டு தடவையும் "மீ லாபீ!" கேட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

மூன்றாம் நாள் மாமா வந்தார். புது டிஸ்கைப் பெட்டியில் போட்டு ஓட்டினோம். பாப்பையா வாயைத் திறந்தார், ஒரு விநாடி கட்டம் கட்டமாகக் கலங்கினார், பேச்சு தொடர்ந்தது. கலங்கிய இடத்தில் ஏதோ ஒரு வார்த்தை போய்விட்டது. எதிரே உட்கார்ந்திருந்த மாமா அதைத் தானே சொல்லி நிரப்பிவிட்டு, இன்னொரு டீக்குக் குரல் கொடுத்தார்.