ஒரே போர், மூன்று மரணங்கள்



மயிலாடுதுறையிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சென்றால், திருக்கடையூருக்கு அண்மையில் வயல்கள் சூழ்ந்த தில்லையாடி என்னும் சிற்றூரைக் காணலாம். அவ்வூரின் பெயரைச் சொன்ன அளவிலேயே வள்ளியம்மையின் பெயரும் நாவில் வந்துவிடும். ஆனால், அவரோடு ஒருங்கே எண்ணத்தக்க வேறு இருவர் யாவர் என்று வினவினால் நம்மில் பலர் விழிப்போம். நாகப்பன், நாராயணசாமி என்பனவே அவ்விருவர் பெயர்கள்.

தென்னாப்பிரிக்காவில் இந்தியரை இழிவு செய்த சட்டங்களை எதிர்த்துக் காந்தியடிகள் நடத்திய அறப்போரில் மூவரும் ஈடுபட்டனர். பதினெட்டு வயது இளைஞர் நாகப்பன், கடுங்குளிரில் கல்லுடைக்கும் சிறைவாசத்தால் நுரையீரல் அழற்சியுற்று, விடுதலையான சில நாட்களில், 1909 ஜூலை 6-இல் மறைந்தார். நாராயணசாமி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர். மீண்டும் கடல் கடந்து சென்றபோது, துறைமுகந்தோறும் கரையிறங்க விடாமல் தடுக்கப்பட்டார். கப்பலின் திறந்த மேல்தளத்தில் காற்றிலும் குளிரிலும் வாடி, 1910 அக்டோபரில் டெலகோவா விரிகுடாவில் உயிர் நீத்தார். வள்ளியம்மை சிறையில் பற்றிய காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-இல், தமது பதினாறாம் வயதில் மறைந்தார்.

அதே ஆண்டு ஜூலை 15-இல் ஜோகன்னஸ்பர்க் நகரின் பிராம்ஃபான்டைன் இடுகாட்டில், நாகப்பனுக்கும் வள்ளியம்மைக்கும் எழுப்பிய நினைவுக் கற்களின் திறப்பு நிகழ்வில் காந்தியடிகளே கலந்துகொண்டார். தொலைவில் மாண்ட நாராயணசாமிக்கு அங்குக் கல் இல்லை.

பிற்காலத்தில் வள்ளியம்மைக்குத் தில்லையாடியில் நினைவு மண்டபம் எழுந்தது. 2008-இல் அஞ்சல் தலை வெளிவந்தது. இவை அவருக்கு உரியனவே. எனினும், ஒரே போரில் உயிர் ஈந்த மூவரின் புகழ் ஏன் இவ்வாறு வேறுபட்டது? வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவராயினும், தாயின் ஊரான தில்லையாடி அவரைத் தன் மகளாக ஏற்றுக்கொண்டது. பெயரோடு ஓர் ஊர் இணைந்ததால் நினைவுக்கு நிலைக்களன் கிடைத்தது. சிறுமி ஒருத்தி சிறை புகுந்த செய்தியும் கேட்டவர் நெஞ்சை உருக்கியது. மற்ற இருவர் பெயரோடு நம் நாட்டில் இத்துணை ஆழமாக ஓர் ஊர் ஒட்டவில்லை.

ஆகவே, புகழைக் கொண்டு தியாகத்தை அளக்கலாகாது. இடமும் காலமும் சொல்வாரும் வாய்த்தால் புகழ் வளரும், வாய்க்காவிடில் தேயும். இன்று ஒரே வாரத்தில் இருவர் மறைந்தாலும், ஒருவருக்குப் பெரும் ஊர்வலமும் மற்றவருக்கு ஒற்றை வரிச் செய்தியும் அமைவதைக் காண்கிறோம். ஒருவர் புகழைக் குறைத்து மற்றவருக்கு ஈட்டித் தர வேண்டுவதில்லை. இனி வள்ளியம்மையின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் நாகப்பனையும் நாராயணசாமியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கு மண்டபம் வேண்டா. நினைவு ஒன்றே போதும்.