பொன்முடிக் குளிரில் ஒரு பால்மாவு டப்பா

பொன்முடித் தேயிலைத் தோட்டத்து லயத்தில் தங்கை மகளைப் பார்க்கப் போயிருந்தேன். குழந்தைக்கு இருபது நாள். தாய்ப்பால் போதாமல், மருத்துவர் பால்மாவும் கொடுக்கச் சொல்லியிருந்தார். "எந்த டப்பா மாமா நல்லது?" என்றாள்.

விலை கூடினால் சத்து கூடும் என்பதில்லை. அடிப்படைச் சத்துகளை அரசு விதிகளே வரையறுக்கின்றன. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இதற்கு விளம்பரமும் கூடாது, டப்பாவில் குழந்தைப் படமும் கூடாது. பிறந்த குழந்தைக்கானதா, காலாவதித் தேதி என்ன, மூடி பழுதில்லையா என்று பார்த்தால் போதும்.

கலப்பதில்தான் விஷயம் இருக்கிறது. பால்மாவு கிருமி நீக்கியதல்ல. கொதித்த நீர் 70 டிகிரிக்குக் குறையுமுன் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சுமார் 1100 மீட்டர் உயரமுள்ள பொன்முடியில் தண்ணீர் 96 டிகிரி அளவிலேயே கொதிக்கும். குளிரில் சட்டென்று ஆறும். எனவே தாமதிக்காமல் கலந்து, பிறகு ஆற்றிக் கொடுக்க வேண்டும். குடித்து மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

"மாசக் கடைசி வரைக்கும் வரணுமேன்னு ஒரு கரண்டி குறைச்சுத்தான் போடுறேன் மாமா" என்றாள் மெதுவாக. திக்கென்றது. நீர்த்த பாலில் வயிறு நிறையும், எடை ஏறாது. இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பும் வரலாம். டப்பாவில் போட்ட அளவேதான் அளவு. தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது. குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும்.

குழந்தை பார்க்கப் போகிறவர்கள், "பால் ஊறுதா? எத்தனை கரண்டி போடுற?" என்றும் கேட்டு வாருங்கள்.