சிறுவாச்சூர் கோயில் இன்னைக்கு திறந்திருக்கா? ஒரே கேள்வியில் புரியும் கோடிங் பாடம்!

பெரம்பலூர் மாவட்டம் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை வழக்கமாக திங்கள், வெள்ளி மற்றும் விசேஷ நாட்களில்தான் திறக்கும். 'இன்று நடை திறக்குமா?' எனச் சொல்லும் செயலி ஒன்றை நீங்க உருவாக்குறீங்கன்னு வச்சுக்கோங்க.

எங்கே சிக்கல்?

திங்களா, வெள்ளியா, விசேஷமா, நேரம் முடிஞ்சிடுச்சா என 'இஃப்'-க்குள் 'இஃப்' அடுக்கினாலும் செயலி ஓடும். ஆனால் பிறகு புதிய விசேஷ நாளைச் சேர்க்க வருபவர் எந்த வரியைத் தொடுவது எனத் திணறுவார்.

சிக்கலை அளக்க முடியுமா?

முடியும். 1976-ல் தாமஸ் மெக்கேப் 'சைக்ளோமேட்டிக் காம்ப்ளெக்சிட்டி' என்ற அளவை முன்வைத்தார். ஒரு ஃபங்ஷனில் முடிவெடுக்கும் இடங்களை எண்ணி, 1 கூட்டணும். மேலே சொன்ன 4 கேள்விகளுக்கு மதிப்பு 5. 10-ஐத் தாண்டினால் பிரித்து எழுதுவது நல்லது.

என்ன செய்யலாம்?

* திறப்பு நாள் இல்லையா? 'நடை திறக்காது' என முதல் வரியிலேயே முடிச்சிடுங்க. நேரத்தை அதற்குப் பிறகு பாருங்க.

* 'திறப்பு நாளா' எனப் படித்ததும் புரியும் பெயர் வைங்க.

* விசேஷ நாட்களைத் தனிப் பட்டியலாக்குங்க. புதிய நாள் வந்தால் பட்டியலை மட்டும் மாற்றினால் போதும்.

ஏன் இவ்வளவு கவனம்?

2014 பிப்ரவரியில் ஐபோனில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டையை ஆப்பிள் அடைத்தது. காரணம், 'கோட்டு ஃபெயில்' என்ற வரி தவறுதலாக 2 முறை இருந்ததுதான். முதல் வரி மட்டுமே 'இஃப்'-க்குக் கட்டுப்பட்டது. 2-வது வரி எப்போதும் ஓடியதால், இணையதளம் உண்மையானதா என்ற கடைசி சோதனையே நடக்கவில்லை. அந்த 2 வரிகளும் அடைப்புக்குறிக்குள் இருந்திருந்தால், பாதிப்பே வந்திருக்காது.