கறளும் வடுவும்

இரும்பை அரிக்கும் நோயை யாழ்ப்பாணத்தவராகிய நாம் கறள் என்கிறோம். தமிழகத்தார் துரு என்பர். பெயர் இரண்டாயினும் தொழில் ஒன்றே. இரும்பானது நீரோடும் ஒட்சிசனோடும் கூடித் தன் உரங்கெட்டுச் செந்தூளாகிவிடுகின்றது. உப்புக் காற்று அக்கேட்டை மேலும் விரைவுபடுத்தும். கடல் சூழ்ந்த நமது குடாநாட்டிலே கறளை அறியாத வீடு இல்லை. இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் ஒருவன் இப்பக்கங்களிற் கறளைப் பற்றி எழுதுவானேன் என அன்பர்கள் வினவக்கூடும். பழைய மோட்டார் வண்டியொன்றின் புறத்தோற்றத்தைச் சிறு செலவிற் சீர்செய்ய முற்பட்டபோது நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுண்டு. அதனைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டியின் வரலாறு

எங்கள் வண்டி 1959ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த இவ்வண்டி, 1948ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நடைபெற்ற மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதல் உலகின் பார்வைக்கு வந்தது. 1971 வரை பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. பிரித்தானிய மோட்டார் வண்டிகளுள் பத்து இலட்சம் என்னும் எல்லையை முதலிற் கடந்தது இதுவே. நடுத்தரக் குடும்பத்தார் வாங்கக்கூடிய விலையும், குறைந்த எரிபொருட் செலவும், எளிய பொறியும் இதன் சிறப்புக்கள். நம் நாட்டிலும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் வைத்தியரும் இதனை விரும்பி வாங்கினர்.

என் தந்தையாரும் ஓர் ஆசிரியர். அவர் இதனைப் பழைய வண்டியாகவே வாங்கினார். போர்க் காலத்தில், வடபகுதிக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்தபோது, குடாநாட்டு வண்டிகள் பலவும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் கொண்டு பொறியை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புகையும் நெடியும் தாங்கமுடியாதனவாயினும் வண்டி நகரும். எங்கள் மைனரும் அவ்வாறே நகர்ந்தது.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் மாலை வலிகாமத்து மக்கள் யாவரும் ஊரைவிட்டுத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டதை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. நாவற்குழிப் பாலத்தை அண்மியபோது சனத்திரளின் நெருக்கத்தில் மாட்டுவண்டியொன்றின் அச்சு எங்கள் வண்டியின் பின்புற இடது மட்காட்டில் மோதி அதனை நெளித்தது. அப்பக்கத்துப் பின்னாசனத்திலே என் பாட்டியார் சாய்ந்திருந்தார். அடுத்த ஆண்டு நாங்கள் ஊருக்கு மீண்டோம், அவர் மீளவில்லை. கையகலமுள்ள அந்த நெளிவு அன்று முதல் வண்டியில் இருந்து வருகின்றது.

பூசி மறைத்த பொய்

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில் வண்டி பல மாதங்கள் கொட்டிலில் அசையாது கிடந்தது. நிறம் வெளிறிற்று, கதவுகளின் கீழ்விளிம்புகள் செந்நிறங் கொண்டன. மறு ஆண்டு, மலிவாகச் செய்து தருவதாகச் சொன்ன ஓரிடத்திற் கொடுத்தேன். பத்தே நாளில் வண்டி மணமகன்போல் வந்து நின்றது. அயலார் வியந்தனர், நானும் மகிழ்ந்தேன். அவ்வாண்டு மாரி கழிவதற்குள் கதவுகளின் கீழே அம்மைக் கொப்புளங்கள் போலப் பூச்சு பொங்கி எழுந்தது.

காரணம் எளிது. இரும்பு கறளாகும்போது முன்னிருந்ததினும் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே, பூச்சின் கீழே எஞ்சியிருக்கும் சிறிது கறளும் வளர வளர மேற்படலத்தை நெம்பித் தள்ளும். கறளின்மேல் எத்துணை விலையுயர்ந்த பூச்சைப் பூசினும் பயன் இதுதான்.

என்னிடம் முன்னர்ப் பயின்று, இன்று கராஜ் ஒன்றிலே தகரவேலை செய்யும் இளைஞர் ஒருவர் வந்து பார்த்தார். காந்தத் துண்டொன்றை மெல்லிய துணியிற் சுற்றித் தகட்டின்மேல் மெதுவாக நகர்த்தினார். நல்ல இரும்புள்ள இடங்களிற் காந்தம் பற்றி நின்றது. கதவின் கீழ்ப்பகுதியிற் பற்றாது நழுவி வீழ்ந்தது. அங்கே தகடு இல்லை. பட்டி எனப்படும் களிம்பு மாத்திரமே இருந்தது. சுரண்டியபோது அதன் பின்னே திணித்திருந்த செய்தித்தாள் வெளிப்பட்டது. பத்திரிகையில் எழுதுவோன் ஒருவனின் வண்டியைப் பத்திரிகையே தாங்கி நின்றது என்று சொல்லிச் சிரித்தோம். ஆயினும் எனக்கு உள்ளூர வெட்கமாக இருந்தது. பத்து நாளிற் கிடைத்த அழகை நம்பியவன் நானன்றோ!

பட்டி தீயதன்று. துப்புரவான இரும்பின்மேல், சிறு பள்ளங்களை மட்டஞ்செய்ய, மெல்லிதாக இட்டால் அது நன்கு உழைக்கும். ஓட்டையை அடைக்கவும் கறளை மறைக்கவும் இட்டால் ஈரத்தை உறிஞ்சித் தன்னைச் சூழவுள்ள இரும்பையும் கெடுத்துவிடும்.

சிறு செலவின் முறை

என்னிடம் எஞ்சியிருந்த பணம் முழு வண்டிக்கும் புதுப்பூச்சுப் பூசப் போதாது. வேறு வண்டி வாங்கும் எண்ணமும் எழவில்லை. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியால் பழைய வண்டிகளின் விலையும் ஏறியிருந்தது. ஆகவே, "கண்ணுக்குத் தெரிவதற்கு முன் கேட்டைத் தடுப்பதற்குச் செலவிடுவது" என ஒரு நியதி செய்துகொண்டோம். வெட்டுதல், ஒட்டுதல், பூச்சு விசிறுதல் ஆகியன இளைஞருடையவை. கழுவுதல், தேய்த்தல், மெருகிடல் ஆகியன என்னுடையவை. 2024ஆம் ஆண்டு மாசியில் தொடங்கினோம்.

முதலிற் கழுவினேன். நமது கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடே ஊறி வருவது; தகட்டில் உலர்ந்தால் வெண்புள்ளிகளை விட்டுச்செல்லும். எனவே உலருமுன் துணியால் ஒற்றியெடுத்தல் வேண்டும். பழைய புள்ளிகளை நீர் கலந்த வினாகிரி கரைத்தது. கதவுகளின் அடிவிளிம்பில் நீர் வடிவதற்கென விடப்பட்ட சிறு துளைகள் உண்டு. எங்கள் வண்டியில் அவை யாவும் மண்ணடைந்து தூர்ந்திருந்தன. கண்ணாடியோரமாக உள்ளிறங்கிய மழைநீர் போக வழியின்றித் தேங்கியதாலேயே கதவுகள் கீழிருந்து இற்றன. கம்பியொன்றால் அத்துளைகளைக் குத்தித் திறந்தேன். இவ்வேலை முழுவதிலும் மிகுந்த பயன் தந்த செயல் இதுவே. ஒரு சதமேனுஞ் செலவில்லை.

அடுத்தது அறுவை. மைனருக்கு உடலுஞ் சட்டமும் வேறுவேறல்ல. தகட்டுடலே வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றது. ஆதலின் கதவுகளின் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகடு இற்றுப்போனால் அஃது அழகுக் குறையன்று, உயிர்க்கு ஆபத்து. இற்ற பகுதியை நல்ல இரும்பு தோன்றும் வரை வெட்டியெறிந்து புதுத் தகட்டை ஒட்டினார் இளைஞர். மொத்தச் செலவிற் பாதிக்கு மேல் இதற்கே போயிற்று. வீதியிற் செல்வோர் ஒருவரும் அதனைக் காணார்.

தகடு உறுதியாக இருந்தும் மேலே மெல்லிய கறள் படிந்திருந்த இடங்களில் உதிருந் தூளைக் கம்பித் தூரிகையாற் போக்கிக் கறள்மாற்றி என்னும் மருந்தைத் தடவினோம். இதன் தொழிலைக் கண்டு வியந்தேன். இவ்வகை மருந்துகள் பலவற்றில் உள்ள தனின் என்னும் துவர்ப்புப் பொருள் கறளோடு கூடிக் கருநீலப் படலமாக இறுகுகின்றது. கடுக்காய்ச் சாற்றையும் இரும்பின் உப்பாகிய அன்னபேதியையுங் கலந்து நம் முன்னோர் மை செய்தாரல்லவா? அதுவும் இதுவும் ஒரே வினைதான். செங்கறள் என் கண்ணெதிரே கறுத்து எழுத்து மையாவதைக் கண்டபோது, பழந்தமிழ் கற்பிப்பவனுக்கு அவ்விடம் அந்நியமாகத் தோன்றவில்லை.

அதன்பின் முதற்பூச்சு, அதன்மேல் நிறம். அரத்தாளை நீரில் நனைத்தே தேய்த்தேன். அக்காலத்துப் பூச்சுக்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். உலரத் தேய்த்தால் அத்தூள் மூச்சோடு உட்செல்லும். 240ஆம் இலக்கத் தாளில் தொடங்கி, 400, 600 எனப் படிப்படியாக மென்மைக்குச் சென்றேன். முதற்பூச்சோடு வண்டியை மழையில் விடுதல் கூடாது. பெரும்பாலான முதற்பூச்சுக்கள் ஈரத்தைத் தடுப்பனவல்ல. பழைய வகைச் செலுலோசுப் பூச்சை ஈரக் காற்றில் விசிறினால் வெண்படலம் படிந்து ஒளி மங்கும். ஆதலின் பங்குனி வெயிலில், காற்று அடங்கிய முற்பகலில் அவ்வேலையை முடித்தோம்.

நிறம் பூசியது கீழ்ப்பாதிக்கு மாத்திரமே. அறுபதாண்டு வெயில் கண்ட சாம்பல் நிறத்தோடு புதுச் சாம்பல் ஒத்துவராது. தகட்டின் நடுவே நிறுத்தினால் வேறுபாடு கண்ணை உறுத்தும். தகட்டின் மடிப்பிலோ மூட்டிலோ நிறுத்தினால் உறுத்தாது. மேற்பாதியின் பழைய பூச்சு வெளிறியிருந்ததேயன்றிக் கெடவில்லை. ஈரத் துணியால் தேய்த்தபோது துணியிற் சாம்பல் நிறம் ஒட்டியது. வெயிலில் இறந்தது மேற்படலம் மாத்திரமே என்பதற்கு அஃது அடையாளம். மெருகுக் களிம்பு கொண்டு கையாலே தேய்த்தேன். விளிம்புகளிற் பூச்சு மெல்லியது; அங்கே கை அடங்கவேண்டும். மூன்று வார இறுதிகளின் உழைப்பால், இறந்ததெனக் கருதிய பூச்சின் கீழிருந்து ஆழ்ந்த ஒளி எழுந்தது. மேலே மெழுகு பூசினேன். பம்பரின் குரோமியத்தில் இருந்த கறட்புள்ளிகள், கசக்கிய அலுமினியத் தாளை நீரில் தோய்த்துத் தேய்க்க நீங்கின. அலுமினியம் குரோமியத்தினும் மென்மையானது, ஆகையாற் கீறாது. குரோமியம் உரிந்த இடங்களை அப்படியே விட்டோம். கண்ணாடிகளைச் சூழ்ந்த வெடித்த றப்பரை மாத்திரம் புதிதாக வாங்கினோம். அது நீர் உட்புகும் வழியன்றோ!

விட்டுவைத்த வடு

இறுதியில் எஞ்சியது இடது மட்காட்டின் நெளிவு. "ஐயா, இதையும் தட்டி நிரப்பி விடட்டோ? இல்லையெண்டால் கழற்றிப்போட்டு வேற ஒண்டு பூட்டலாம், ஆணி மாத்திரந்தானே" என்றார் இளைஞர். அவர் சொன்னது உண்மை. மைனரின் மட்காட்டுகள் நான்கும் ஆணியிற் கழற்றத் தக்கவை. செலவும் அதிகமில்லை. நானோ விடையளிக்க இயலாது நின்றேன்.

அப்பொழுது வண்டியின் முன்மூடியைப் பார்த்தேன். அதன் நடுவே முன்பின்னாக ஓடும் தட்டையான பட்டையொன்று உண்டு. முதல் மாதிரி வண்டி மிகவும் ஒடுங்கியதெனக் கண்ட இசிகோனிஸ் அதனை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் அகலப்படுத்தினார் என்பது வரலாறு. அவ்வாறு கூட்டிய அகலத்தின் அடையாளமே அப்பட்டை. வண்டியை வகுத்தவரே தமது திருத்தத்தின் தடத்தை மறைத்தாரில்லை.

கெடுதல் வேறு, நிகழ்ந்தது வேறு என்பது அக்கணமே எனக்குத் தெளிவாயிற்று. கறள் வளர்வது, இன்று விட்டால் நாளை அயலிடத்தையும் தின்னும். அதனை இரக்கமின்றி வெட்டுதல் வேண்டும். நெளிவு வளராது, அது நடந்ததைச் சொல்லிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போர் செல்லையும் புழுதியையும் நீக்குவர். பிழையெனத் தோன்றும் பாடத்தைத் தம் விருப்பப்படி அழித்துப் புதிது எழுதுவாராயின் அவரைப் பதிப்பாசிரியர் என்று நாம் மதிப்பதில்லை. கைநிறையப் பணம் இருந்திருப்பின் இவ்விரண்டையும் பிரித்தறியாமல் எல்லாவற்றையும் ஒருங்கே புதுப்பித்திருப்பேன். எது முதல், எது பின், எது வேண்டாம் என்று சிந்திக்கவைத்தது பணமின்மையே.

நெளிவின் பள்ளத்திலிருந்த கறளைத் தேய்த்துப் போக்கி, மருந்திட்டு, முதற்பூச்சும் நிறமும் பூசினோம். நிரப்பவில்லை.

வேலை முடிந்த மாலையிலே தந்தையாரைக் கைப்பிடித்து முற்றத்துக்கு அழைத்துவந்தேன். எண்பதைக் கடந்த அவருக்குப் பார்வை மிக மங்கிவிட்டது. முன்மூடியில் தொடங்கி வண்டியை வலமாகத் தடவிக்கொண்டே வந்தார். "நல்ல வழவழப்பாக் கிடக்குது" என்றார். பின்புறத்தைச் சுற்றி இடது மட்காட்டை அடைந்ததும் கை நின்றது. விரல்கள் அந்தப் பள்ளத்துள் இறங்கி அதன் விளிம்பை மெல்ல அளந்தன.

"அம்மா இருந்த பக்கம்" என்றார்.

2025இல் இறக்குமதி மீண்டுந் தொடங்கிற்று. வாங்க வல்லார் புதியன வாங்குவர், அது குற்றமன்று. நான் ஆண்டுதோறும் வாடைக் காற்று எழுமுன் கதவுத் துளைகளைக் கம்பியாற் குத்திவிட்டு, காந்தத் துண்டோடு வண்டியை ஒருமுறை சுற்றி வருகிறேன்.